துளைக்கும் துளைக்கும் இடையில்: நிலக்கரியும் தாமிரமும் தேடப்படும் விதம்

ஜார்க்கண்ட் மாநிலத்தில் தன்பாத் மாவட்டத்து ஜரியா நிலக்கரி வயலுக்கும், அதற்குத் தெற்கே கட்சிலாவை ஒட்டியுள்ள மோசாபனி, சுர்தா தாமிரச் சுரங்கங்களுக்கும் இடையே நேர்கோட்டில் 150 கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு இடங்களிலும் வைரமுனை பொருத்திய ஒரே வகைத் துளைக்கருவிதான் தரைக்குள் இறங்குகிறது. இரண்டு இடங்களிலும் அது வெளியே கொண்டுவரும் உருளைவடிவப் பாறைத் துண்டை எல்லோரும் ‘கோர்’ என்றே அழைக்கிறார்கள். ஆனால் அந்தக் கோரிடம் இரு தரப்புப் புவியியலாளர்களும் கேட்கும் கேள்விகள் முற்றிலும் வேறானவை. ஜரியாவில் துளைப்பவருக்குக் கீழே நிலக்கரி இருக்கிறது என்பதில் பெரிய ஐயம் இல்லை. அது எங்கே அறுபடுகிறது, எவ்வளவு சாம்பலைச் சுமந்திருக்கிறது என்பதே அவருடைய கவலை. மோசாபனியில் துளைப்பவருக்கோ, இந்தத் துளையில் கண்ட தாது அடுத்த துளை வரையாவது தொடருமா என்பதே நிச்சயமில்லை.

இந்த வேறுபாடு தெரியாமல் சுரங்கச் செய்திகளைப் படிப்பதால்தான் ‘இத்தனை கோடி டன் கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைப் பார்த்தவுடன் பூட்டிய அறைக்குள் எண்ணி அடுக்கிய மூட்டைகளைப் போல ஒரு சித்திரம் நம் மனத்தில் எழுகிறது. அந்த எண்ணிக்கை எடைபோட்டுப் பெற்றதன்று. சில துளைகளில் நேரில் கண்டதை வைத்து, அவற்றுக்கு இடையே காணாத நிலத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரு தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை, அந்தக் கனிமம் எப்படிப் பிறந்தது என்பதே முதலில் முடிவு செய்கிறது.

நிலக்கரி ஒரு படிவு. இந்தியாவின் நிலக்கரியில் மிகப் பெரும் பகுதி பெர்மியன் காலத்தைச் சேர்ந்தது. அதாவது ஏறத்தாழ 25 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அன்று இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவை கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இணைந்திருந்தன. அந்தக் காலத்தின் தொடக்கத்தில் இந்நிலத்தின் பெரும் பரப்பைப் பனிப்பாறைகள் மூடியிருந்தன. ஒடிசாவின் தால்ச்சேரில் பொடிமண்ணுக்குள் பெரும் உருண்டைக் கற்கள் சிதறிப் பதிந்த ஒரு பாறை அடுக்கு இருப்பதை 1856இல் பிளான்ஃபோர்டு சகோதரர்கள் கவனித்து, அது பனிப்பாறை விட்டுச்சென்ற சுவடு என்று கூறினார்கள். வெப்ப மண்டல இந்தியாவில் பனிப்பாறையா என்று பலரை வியக்கவைத்த அந்தக் கருத்து இன்று பாடநூல் உண்மை. பனி உருகிய பின் தாமோதர், சோன், மகாநதி, கோதாவரி ஆகிய ஆறுகளின் இன்றைய பள்ளத்தாக்குகளை ஒட்டி நீளவாக்கில் தாழ்ந்துகொண்டே இருந்த பள்ளங்களில் சதுப்புக் காடுகள் வளர்ந்தன. நாக்கு வடிவ இலைகொண்ட குளோசோப்டெரிஸ் என்ற தாவரம் அவற்றில் மிகுந்திருந்தது. அந்தத் தாவரப் பொருள் காற்றுப்படாத நீருக்குள் அமிழ்ந்து, மணலும் களியும் மேலே படியப்படிய அழுந்திச் சூடேறி, முதலில் கரிமண்ணாகவும் பிறகு பழுப்பு நிலக்கரியாகவும் இறுதியில் கருநிலக்கரியாகவும் மாறியது.

இப்படி ஒரு பள்ளம் முழுவதும் ஒரே சமயத்தில் விரிந்து படிந்த பொருளுக்கு ஒரு நற்குணம் உண்டு: அது தொடர்ச்சியானது. ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் பரந்த ஜரியாவில் பராக்கர் பாறைத் தொகுதிக்குள் உள்ள முக்கிய நிலக்கரி அடுக்குகளைக் கீழிருந்து மேலாக 1 முதல் 18 வரை எண்ணிட்டு, வயலின் ஒரு பகுதியில் கண்ட அடுக்கை வேறொரு பகுதியிலும் அடையாளம் காண முடிந்திருக்கிறது. தால்ச்சேர், பராக்கர், ராணிகஞ்ச் என்ற பாறை வரிசை ஒரு வயலில் தெரிந்துவிட்டால், அடுத்த வயலில் எந்தப் பாறையைக் கடந்தபின் கரியை எதிர்பார்க்கலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1851இல் தாமஸ் ஓல்டாமின் தலைமையில் தொடங்கப்பட்டதே ரயில் எஞ்சின்களுக்கும் நீராவிக் கப்பல்களுக்கும் வேண்டிய நிலக்கரியைத் தேடத்தான். துளைக்கருவிகள் அரிதாக இருந்த அந்நாளில், ஓடைக் கரைகளில் வெளிப்பட்ட பாறைகளைக் கால்நடையாகப் பார்த்தே அவர்கள் வரைந்த வயல் வரைபடங்கள் பெரும்பாலும் நிலைத்து நின்றதற்கு அவர்களுடைய உழைப்பு ஒரு காரணம் என்றால், கரியின் இந்தத் தொடர்ச்சி மற்றொரு காரணம்.

ஆனால் படிந்தபோது இருந்த ஒழுங்கு பிறகும் அப்படியே இருந்துவிடவில்லை. பள்ளங்கள் தாழ்ந்தபோது பாறை பிளந்து, ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் நழுவியது. இவ்வகைப் பிளவைக் கடந்தால், சுரங்கத்தின் முகப்பில் நேற்றுவரை இருந்த கரி அடுக்கு இன்று சில மீட்டரோ பல பத்து மீட்டரோ தள்ளிப் போயிருக்கும். ஜரியாவுக்கு இன்னொரு காயமும் உண்டு. ஆழத்திலிருந்து எழுந்த பாறைக்குழம்பு கரி அடுக்குகளை ஊடுருவி, தொட்ட இடத்திலெல்லாம் கரியைச் சுட்டுவிட்டது. அப்படிச் சுடப்பட்டு இறுகிய கரியை அங்கே ‘ஜாமா’ என்கிறார்கள். எஃகு உலைக்கு ஏற்ற உயர்தரக் கோக் நிலக்கரியைத் தரும் நாட்டின் தலையாய வயலில், அந்தக் கரியின் ஒரு பகுதி சுரங்கம் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பே எரிந்துபோயிருப்பதை எண்ணும்போது வருத்தமே மிஞ்சுகிறது. 1916இல் முதலில் பதிவாகி இன்றும் அணையாத ஜரியாவின் நிலத்தடித் தீ வேறு கதை. அது மனிதர் தோண்டியதால் காற்றுப்பட்டு மூண்டது.

ஆகவே நிலக்கரி வயலில் துளையிடுவது கரியைக் கண்டுபிடிக்க மட்டுமன்று, அதன் ஒழுங்கு குலைந்த இடங்களைக் கண்டறியவும்தான். அடுக்குகள் பெரும்பாலும் மெல்லச் சாய்ந்தே கிடப்பதால் துளை செங்குத்தாக இறங்கினால் போதும். கோரில் அளக்கும் தடிமன் ஏறத்தாழ உண்மைத் தடிமனாகவே இருக்கும். கரி நொறுங்கும் தன்மையுடையது என்பதால் கோரின் ஒரு பகுதி துளைக்குள்ளேயே உதிர்ந்துவிடுவதும் உண்டு. அந்த இழப்பை ஈடுசெய்யத் துளைக்குள் உணர்கருவிகளை இறக்கி, சுவரின் அடர்த்தியையும் இயற்கைக் கதிர்வீச்சையும் மீட்டர் மீட்டராகப் பதிவு செய்கிறார்கள். மணற்பாறையைவிடக் கரி மிகவும் இலேசானது, கதிர்வீச்சும் குறைந்தது. எனவே வரைகோடு சட்டென்று சரியும் இடமே கரியின் மேல்தளம், மீண்டும் ஏறும் இடமே அடித்தளம். உதிர்ந்துபோன கரியின் தடிமனையும் இந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது தரம். கிடைத்த கரியில் ஈரம், சாம்பல், ஆவியாகும் பொருள், நிலைத்த கரிமம் ஆகிய நான்கையும் ஆய்வகத்தில் அளப்பார்கள். 2012 முதல் இந்தியாவில் கோக் ஆகாத நிலக்கரியை எரிவெப்பத்தின்படி ஜி-1 முதல் ஜி-17 வரை தரம் பிரிக்கிறார்கள். கிலோவுக்கு 7,000 கிலோகலோரிக்கு மேல் தருவது ஜி-1. அதன்பின் ஒவ்வொரு படியும் 300 கிலோகலோரி இறக்கம். 4,000 முதல் 4,300 வரையிலான ஜி-11ஐ ஒட்டிய கரிகளே நம் அனல்மின் நிலையங்களுக்குப் பெருமளவில் செல்கின்றன. நம் கரியில் சாம்பல் மிகுதி என்ற புகாரைச் சுரங்க நிர்வாகத்தின் கவனக்குறைவாக மட்டும் பார்ப்பது தவறு. கோண்டுவானாச் சதுப்புகளில் ஆறுகள் கொண்டுவந்த வண்டலும் களியும் தாவரப் பொருளோடு இழையோடிக் கலந்துவிட்டன. தனிப் பட்டையாகக் கிடக்கும் கல்லைக் கழுவிப் பிரிக்கலாம். கரிக்குள்ளேயே பொடியாகக் கலந்த களியைப் பிரிப்பது கடினம். இன்றைய மின்நிலையத்துச் சாம்பல் குளத்தின் பரப்பில் ஒரு பங்கை நிர்ணயித்தது அன்றைய வண்டல்தான்.

தாமிரத்தின் பிறப்பு இதற்கு நேர்மாறானது. பூமியின் மேலோட்டில் சராசரியாக ஒரு டன் பாறையில் ஏறத்தாழ 60 கிராம் தாமிரம் இருக்கிறது. சுரங்கம் தோண்ட ஓரளவு தகுதியான 1 சதவீதத் தாதுவில் டன்னுக்கு 10 கிலோ இருக்க வேண்டும். அதாவது எங்கும் தூவப்பட்டுக் கிடப்பதை ஏதோ ஒன்று 170 மடங்கு ஓரிடத்தில் கூட்டிச் சேர்த்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் சுடுநீர். பாறைக்குழம்பு குளிரும்போது வெளியேறும் உப்பு மிகுந்த வெந்நீரோ, ஆழத்தில் அழுந்திய பாறைகளிலிருந்து கசியும் நீரோ தாமிரத்தைக் கரைத்துக்கொண்டு பிளவுகள் வழியே ஏறி, வெப்பமும் அழுத்தமும் வேதிச்சூழலும் மாறும் இடத்தில் அதைக் கந்தகத்தோடு சேர்த்து இறக்கிவிடுகிறது. இறக்கப்படும் கனிமங்களில் முதன்மையானது பித்தளை நிறத்துச் சால்கோபைரைட். தூய நிலையில் அதன் எடையில் 34.6 சதவீதம் தாமிரம். எனவே 1 சதவீதத் தாது என்பது நூற்றுக்கு மூன்று பங்கு மட்டுமே சால்கோபைரைட் கொண்ட, பழகாத கண்ணுக்குச் சாதாரணக் கல்லாகவே தோன்றக்கூடிய பாறை.

வெந்நீருக்கு வழிவிட்ட இடமெல்லாம் தாமிரத்துக்கு வீடாகும் என்பதால் அதன் உருவங்கள் பல. சிலி நாட்டின் ஆண்டஸ் மலைகளில் பசிபிக் கடற்தளம் கண்டத்தின் அடியில் அமிழ்ந்ததால் எழுந்த பாறைக்குழம்பின் உச்சியில், மலை அளவு பாறைக்குள் தாமிரம் மெல்லிய இழைகளாகவும் புள்ளிகளாகவும் பரவியிருக்கிறது. சுக்கிகமாட்டா, எஸ்கோண்டிடா போன்ற மாபெரும் திறந்தவெளிச் சுரங்கங்கள் இவ்வகையின. சாம்பியா – காங்கோ எல்லையின் தாமிரப் பட்டையில் அது படிவுப் பாறை அடுக்குகளை ஒட்டி வெகுதூரம் ஓடுகிறது. மோசாபனி அமைந்த சிங்பூமிலோ பாறைத் தொகுதிகள் ஒன்றின்மீது ஒன்று அழுந்தித் தேய்ந்த, வில்போல் வளைந்த நீண்ட பட்டை ஒன்றில் தகடுகளாகவும் நரம்புகளாகவும் தாமிரம் அமைந்திருக்கிறது. அதே பட்டையில்தான் 1951இல் ஜாதுகுடாவின் யுரேனியமும் கண்டறியப்பட்டது. ஒரே வழியாகப் பல காலங்களில் பல வகை நீர் ஏறியிருப்பதை இது உணர்த்துகிறது. மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்டில் கருங்கல்லுக்குள் அமைந்த வெண்கல் (குவார்ட்ஸ்) முகடு ஒன்று தாமிரத்தைத் தாங்கி நிற்கிறது. இந்தியாவின் மிகப் பெரிய தாமிரப் படிவு அதுதான். ராஜஸ்தானின் கேத்ரிப் பட்டை வேறொரு பாறைச் சூழல். இவற்றில் ஒன்றில் கற்ற பாடத்தை அடுத்ததில் அப்படியே பொருத்த முடியாது.

தேடுபவருக்குத் தாமிரம் செய்யும் பெரிய உதவி, அது மேற்பரப்பில் விட்டுச்செல்லும் நிறம். மழைநீரும் காற்றும் படும்போது கந்தகக் கனிமங்கள் சிதைந்து, இரும்பு துருவாகி, மேலே செம்பழுப்பு நிறத்தில் துளைதுளையான ஒரு தொப்பியாக எஞ்சும். தாமிரத்தின் ஒரு பகுதி மாலகைட் என்ற பச்சைக் கல்லாகப் பாறைப் பிளவுகளில் படியும். மற்றொரு பகுதி கரைந்து கீழிறங்கி, நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டி மீண்டும் செறிந்து, இன்னும் வளமான தாதுவாகும். இந்தப் பச்சையைப் பார்த்துத் தோண்டத் தெரிந்தவர்கள் பழங்கால மக்கள். கேத்ரிப் பட்டையை அண்டிய கணேஷ்வரில் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த தாமிர அம்புமுனைகளும் தூண்டில் முள்களும் பெருந்தொகையாகக் கிடைத்திருக்கின்றன. கேத்ரியிலும் சிங்பூமிலும் நவீன ஆய்வாளர்களை வழிநடத்தியவை பழைய குழிகளும் கசடு மேடுகளும்தான். பெயர் பதியாத அந்தப் பழைய சுரங்கத் தொழிலாளர்களே இந்நாட்டின் முதல் தாமிரப் புவியியலாளர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மண் மூடிய நிலத்தில் பச்சை தெரியாது. அங்கே ஓடைகளின் வண்டலைச் சிறு பைகளில் அள்ளி, அதில் தாமிரம் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளந்து, அளவு உயரும் திசையில் நீரோட்டத்துக்கு எதிராக ஏறிச் செல்வார்கள். அடுத்து நிலத்துக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி, அதை நிறுத்தியபின் பாறை எவ்வளவு நேரம் மின்னேற்றத்தைப் பிடித்துவைத்திருக்கிறது என்று அளப்பார்கள். சிதறிய கந்தகக் கனிமங்களுக்கு இந்தக் குணம் உண்டு. ஆனால் கிராஃபைட் கலந்த பாறைக்கும் அதே குணம் உண்டு. தாமிரமற்ற வெறும் பைரைட்டுக்கும் உண்டு. கருவி காட்டிய நல்ல குறியைத் துளைத்துப் பார்த்துக் கருமையான கிராஃபைட்டை எடுத்து வந்த அனுபவம் இத்தொழிலில் புதிதன்று. இறுதிச் சொல் கோருக்கே உரியது.

தாமிரத் தகடுகள் பெரும்பாலும் செங்குத்துக்கு நெருங்கிச் சாய்ந்திருப்பதால் துளையைச் சரிவாக இறக்க வேண்டும். இங்கே ஒரு கணக்கு முக்கியம். துளை தாதுத் தகட்டை 30 பாகைக் கோணத்தில் வெட்டினால், கோரில் 20 மீட்டர் தாது தெரிந்தாலும் தகட்டின் உண்மைத் தடிமன் 10 மீட்டர்தான். ‘20 மீட்டர் தாது கிடைத்தது’ என்ற அறிவிப்பு பொய்யில்லாமலே மயக்கும். கோரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்பி, மறு பாதியைப் பெட்டியில் அடுக்கிக் காப்பது வழக்கம். ஆய்வு முடிவில் ஐயம் எழுந்தால் மீண்டும் சோதிக்க அந்தப் பாதி மட்டுமே சாட்சி. தாமிரமே இல்லாத வெற்று மாதிரிகளும், முன்பே அளவு தெரிந்த மாதிரிகளும் அடையாளம் சொல்லாமல் இடையில் சேர்க்கப்படுகின்றன. ஆய்வகம் அவற்றைச் சரியாகச் சொன்னால்தான் மற்ற முடிவுகளும் ஏற்கப்படும்.

இனித் துளைகளின் தூரத்துக்கு வருவோம். பரவலாகப் பயன்படும் ஒரு கோரின் விட்டம் 47.6 மில்லிமீட்டர், அதன் முகப்பரப்பு 18 சதுர சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. தாமிரப் படிவில் 100 மீட்டருக்கு ஒரு துளை என்று கட்டம் போட்டால், ஒவ்வொரு துளையும் 10,000 சதுர மீட்டருக்காகப் பேச வேண்டும். நாம் நேரில் பார்ப்பது ஏறத்தாழ 56 லட்சத்தில் ஒரு பங்கு. தாமிரம் போன்ற திடீரெனத் தடித்து, திடீரெனத் தேயும் படிவுக்கு இது போதாது. ஆகவே சுரங்கத் திட்டம் நெருங்க நெருங்கத் துளைகள் 50 மீட்டருக்கும் அதற்குள்ளும் நெருக்கப்படுகின்றன. நிலக்கரிக்கு இந்தியாவில் 1957 முதல் வழங்கிவந்த நடைமுறையோ, துளையைச் சுற்றி 200 மீட்டர் வரை உள்ள கரியை ‘நிரூபிக்கப்பட்டது’ என்றும், அதற்கு அப்பால் 1 கிலோமீட்டர் வரை ‘சுட்டப்பட்டது’ என்றும், 2 கிலோமீட்டர் வரை ‘அனுமானிக்கப்பட்டது’ என்றும் வகுத்தது. 200 மீட்டர் ஆரத்தில் ஒரு கோர் ஏறத்தாழ 7 கோடியில் ஒரு பங்கையே காட்டுகிறது. அப்படியிருந்தும் அதை நிரூபணம் என்று ஏற்கத் துணிந்தது கரியின் தொடர்ச்சியை நம்பித்தான்.

இந்த விதியை ஒரு துளைக்குப் பொருத்திப் பார்த்தால் எண்ணிக்கைகளின் இயல்பு விளங்கும். ஒரு துளை 5 மீட்டர் தடிமனுள்ள கரியை வெட்டியது என்றும், கரியின் அடர்த்தி 1.4 என்றும் கொள்வோம். 200 மீட்டருக்குள் சுமார் 8.8 லட்சம் டன். அடுத்த வளையத்தில் 2.1 கோடி டன். கடைசி வளையத்தில் 6.6 கோடி டன். மொத்தம் 8.8 கோடி டன். இதில் நிரூபிக்கப்பட்டது நூற்றில் ஒரு பங்கு மட்டுமே. நடைமுறையில் ஒரே துளையை வைத்து யாரும் அறிக்கை எழுதுவதில்லை என்பது உண்மைதான். எனினும் மூன்று வகைகளையும் கூட்டி ஒரே எண்ணாகத் தலைப்பில் போடும்போது எவ்வளவு உறுதியும் எவ்வளவு ஊகமும் ஒன்றாகக் கலக்கப்படுகின்றன என்பதை இக்கணக்கு காட்டுகிறது. நாட்டின் நிலக்கரி வளம் 35,000 கோடி டன்னுக்கும் மேல் என்று சொல்லப்படுவதும் 1,200 மீட்டர் ஆழம் வரை இம்மூன்றையும் கூட்டிய தொகையே. ‘வளம்’ என்ற சொல்லும் ‘இருப்பு’ என்ற சொல்லும் ஒன்றல்ல. ஆழம், பிளவு, நீர், மேலே உள்ள ஊரும் காடும், எடுக்கும் செலவு, விற்கும் விலை ஆகியவற்றையெல்லாம் கழித்தபின் தோண்டி எடுக்கத்தக்கதாக எஞ்சுவதே இருப்பு.

தாமிரத்தில் இந்தக் கழித்தல் இன்னும் கடுமையானது. இந்தியச் சுரங்கங்கள் ஆண்டுக்குத் தரும் தாமிரம் சில பத்தாயிரம் டன்னைத் தாண்டுவதில்லை. நாட்டின் தேவையோ பல லட்சம் டன். அதனால்தான் பெரிய தாமிர உருக்காலைகள் தாது கிடைக்கும் இடத்தை விட்டுத் துறைமுகத்தைத் தேடி, குஜராத்தின் தகேஜிலும் நம் தூத்துக்குடியிலும் அமைந்தன. போராட்டத்தின்போது 13 பேர் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த 2018ஆம் ஆண்டில் மூடப்பட்ட தூத்துக்குடி ஆலை, கப்பலில் வந்த அயல்நாட்டுச் செறிவுத் தாதுவை நம்பியே இயங்கியது.

தமிழ்நாட்டுக்குச் சொந்தமான பெரும் எரிபொருள் பழுப்பு நிலக்கரி. அதன் கதை வளத்துக்கும் இருப்புக்கும் உள்ள இடைவெளியைத் தெளிவாகக் காட்டுகிறது. 1934இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருள் வெளிப்பட்டது. 1940களில் புவியியல் ஆய்வுத்துறை துளையிட்டு நெய்வேலியின் கரியை உறுதிசெய்தது. ஆனால் கரி இருக்கிறது என்று தெரிந்ததால் மட்டும் சுரங்கம் வந்துவிடவில்லை. கரி அடுக்குக்குக் கீழே உள்ள மணலில் நீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. மேலுள்ள மண்ணை அகற்றினால் அந்த நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு பொங்கிவிடும். சுரங்கத்தைச் சுற்றி ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைத் தாழ்த்த முடியும் என்று உறுதியான பிறகே நெய்வேலியின் கரி இருப்பு ஆயிற்று. சுரங்கப் பணி 1957இல் தொடங்கி, 1961இல்தான் கரி எட்டியது. அங்கே நிலக்கரிப் புவியியலைவிட நீர்ப்புவியியலே பெரிய சோதனையாக இருந்தது. அப்படி இறைக்கும் நீர் சுற்றுவட்டார உழவர்களின் கிணறுகளுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியும் ஆய்வு அறிக்கையின் முதல் பக்கங்களில் இடம்பெறத்தக்கது என்பது என் உறுதியான எண்ணம்.

நாட்டின் பழுப்பு நிலக்கரி வளத்தில் பெரும்பங்கு தமிழ்நாட்டுக்கும், அதில் பெரும்பகுதி மன்னார்குடிப் படுகைக்கும் உரியது. மன்னார்குடியின் கரி நெய்வேலியைவிட ஆழத்தில், காவிரி நீர் பாயும் வயல்களின் கீழே கிடக்கிறது. 2023இல் டெல்டாவிலும் அதை ஒட்டியும் அமைந்த வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று பகுதிகளை ஒன்றிய அரசு ஏலப் பட்டியலில் சேர்த்தது. உழவர்களும் மாநில அரசும் எதிர்த்ததையடுத்து அதே ஆண்டு ஏப்ரலில் அவை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. துளைகள் இட்டு அறிந்த அந்தக் கரி வளக் கணக்கில் டன்களாகத் தொடர்கிறது. அதன் மேலே குறுவையும் சம்பாவும் விளைகின்றன.